எழுத்தாணிக்கு எழுத்தாடை: ஒரு சொல் முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கைக்கணினித் (டேப்லெட்) திரையின்மேல் ஒட்டும் ஸ்கிரீன் புரொடெக்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நடக்கும் உரையாடலில் இதுவரை திரைக்காப்பு, திரைக்காப்பான், திரைக்கவசம், பாதுகாப்புத் தாள் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான்கிலும் ஒரே குறைதான் எனக்குத் தெரிகிறது. எல்லாமே 'காக்கிறது' என்ற ஒரு வேலையை மட்டும் சொல்கின்றன. விரலால் தொட்டுப் படம் பார்க்கிறவருக்கு அது போதும். எழுத்தாணி (ஸ்டைலஸ்) பிடித்துத் திரையில் எழுதுகிறவருக்குத் தேவை வேறு. திரை அவருடைய கைக்குப் பிடிமானம் கொடுக்க வேண்டும். பெயரில் அந்த வேறுபாடு தெரியாவிட்டால் வாங்குகிறவர் தவறான பொருளை வாங்கிவிடுவார். நான் அப்படித்தான் வாங்கினேன்.

கைக்கணினி வாங்கிய புதிதில், 'காப்பு' என்றால் தடிமனாக இருப்பதே நல்லது என்று நினைத்து, கண்ணாடிக் காப்பு ஒன்றை ஒட்டினேன். அன்று மாலையே குறிப்பெழுத உட்கார்ந்தேன். 'ண' எழுதினால் முதல் சுழி சரியாக விழுந்தது, இரண்டாவது சற்றுப் பெருத்தது, மூன்றாவது வழுக்கிக்கொண்டு அடுத்த எழுத்தின் இடத்துக்கே போய்விட்டது. அதைவிடத் தொல்லை புள்ளிதான். தமிழில் ஒரு வரிக்கு எத்தனை புள்ளி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். முனையைத் தொட்டு எடுப்பதற்குள் அது ஒரு இழை நகர்ந்துவிடும். புள்ளி சின்ன வால் முளைத்துக் கோடாகிவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். நல்ல கையெழுத்து என்று பெயர் வாங்கியவன் நான். என் பக்கத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

நாம் பெயர் வைக்கப்போகும் பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். பொருள் தெளிந்தால் சொல் தானே வரும்.

இதில் இரண்டு வகை உண்டு: ஒன்று கண்ணாடி, இன்னொன்று பிளாஸ்டிக் படலம். கண்ணாடியை எல்லோரும் 'டெம்பர்ட் கிளாஸ்' என்கிறோம். பேச்சில் 'டெம்பர்' என்றே சுருங்கிவிட்டது. இதற்கு 'வெப்பப் பதக் கண்ணாடி' என்ற சொல்லை ஒருவர் முன்வைத்திருக்கிறார். அதை ஏற்க எனக்குத் தயக்கம். கார்க் கண்ணாடி, கதவுக் கண்ணாடி போன்ற தடித்த கண்ணாடிகளைத்தான் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துப் பதமாக்குகிறார்கள். திரையில் ஒட்டும் கண்ணாடி பெரும்பாலும் 0.33 மி.மீ. அளவுதான். அவ்வளவு மெல்லியதை அந்த வழியில் பதமாக்குவது கடினம். அதனால் உருகிய பொட்டாசியம் உப்பில் மூழ்க வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அதே இடத்தில் வந்து நெருக்கியடித்து உட்கார்கின்றன. அந்த நெருக்கம்தான் கண்ணாடிக்கு வலு. ஆக, 'டெம்பர்ட்' என்பது ஆங்கிலத்திலேயே தளர்வாகப் புழங்கும் சொல். அதை 'வெப்பம்' என்று தமிழில் இறுக்கிப் பிடித்தால் பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்தவர்கள் ஆவோம். வெறும் 'பதக்கண்ணாடி' போதும். சூட்டில் பதமாக்கினாலும் உப்பில் பதமாக்கினாலும் பதம் பதம்தானே. ஓலையைப் பதப்படுத்தினோம், தோலைப் பதனிட்டோம். அந்த வரிசையில் இதுவும் சேரட்டும்.

கண்ணாடிக் காப்பு வரும் உறையில் போட்டிருக்கும் '9 எச்' பற்றியும் ஒரு வார்த்தை. அது வைரம், குருந்தம் என்று கனிமங்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலின் 9 என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. பென்சில்களில் எச்.பி., 2 எச் என்று இருக்கிறதே, அந்த எச்தான் இது. 9 எச் பென்சிலால் குறித்த எடையில் அழுத்தி இழுத்தாலும் கீறல் விழவில்லை என்பது மட்டுமே பொருள். மோஸ் அளவில் குவார்ட்சு 7. அது சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்சுதான், ஆகவே 9 எச் என்றாலும் மணலால் கீறல் விழலாம். இதைத் தமிழில் 'கடினம் 9' என்று எழுதினால் குழப்பம் அப்படியே நீடிக்கும். 'பென்சில் கடினம் 9 எச்' என்று முழுதாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி படலம். வழவழப்பான படலம் ஒன்று உண்டு. எழுதுகிறவருக்கு அதனால் பயனில்லை, விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது சொரசொரப்பான படலம். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் அதன் மேற்பரப்பு முழுக்க இருக்கின்றன. எழுத்தாணியின் முனை அவற்றில் உரசி உரசிப் போகிறது. அந்த உராய்வுதான் கைக்குத் தாளின் பிடிமானத்தைத் தருகிறது. அதே மேடுபள்ளங்கள் மேலே விழும் ஒளியைப் பல பக்கமும் சிதறடிப்பதால் விளக்கின் பிம்பம் திரையில் தெரிவதில்லை, கண் கூசுவதுமில்லை. ஆனால் உள்ளிருந்து வரும் ஒளியும் அப்படியே சிதறுகிறது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் சர்க்கரையைத் தூவியது போல வண்ண வண்ணமாக நுண்ணிய மினுக்கல் தெரிவது இதனால்தான். எழுத்தின் கூர்மையும் சற்று மழுங்கும். உராய்வு கூடினால் தெளிவு குறையும், முனையும் விரைவாகத் தேயும். இந்தக் கணக்கை எந்தப் படலமும் முழுதாகத் தாண்டிவிடவில்லை.

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொரசொரப்பான படலத்தை ஒட்டிய அன்று, முதல் வேலையாக 'கண்ணன்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு 'ண'விலும் மூன்று சுழியும் ஒரே அளவில் வந்து நின்றன. புள்ளி வைத்த இடத்திலேயே நின்றது. சத்தமும் தாளில் எழுதும்போது கேட்கும் அந்த மெல்லிய 'சர்சர்'. ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா! படலம் வாங்கும் யாருக்கும் நான் சொல்லும் சோதனை இதுதான்: ஒரு 'ண', ஒரு 'ஞ', பத்துப் புள்ளி. இவை சரியாக விழுந்தால் மற்ற எழுத்துகள் தாமாக விழும்.

இங்கே ஓலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் எழுத எடுத்தார்கள். எழுத்தாணி ஓலையைக் கீறியது, கீறல்தான் பிடிமானம். அதனால் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது நல்லது. திரையில் நம் எழுத்தாணி எதையும் கீறக்கூடாது. கீறலில் கிடைத்த பிடிமானத்தை மேற்பரப்பே தரவேண்டியிருக்கிறது. அன்று புள்ளி குத்தினால் ஓலையில் துளை விழும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணி என்ற பழஞ்சொல்லை ஸ்டைலஸுக்குத் தந்துவிட்டோம். அதற்கு அடியில் விரிக்கும் பரப்புக்கு ஒரு நல்ல பெயர் வைக்க இன்னும் மனம் வரவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் 'படலம்' என்ற அடிச்சொல்லை எடுத்துப் பார்த்தேன். 'திரைப்படலம்' அறிவியல் நடைக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரு 'ல' விட்டுப்போனால் திரைப்படம் ஆகிவிடுகிறது. தேடுபொறியிலும் அச்சிலும் ஓயாத தொல்லை. 'ஏடு' அழகான சொல், பாலின்மேல் படிவதைக்கூடப் பாலேடு என்கிறோம். ஆனால் 'திரையேடு' என்றால் சினிமாப் பத்திரிகை என்றே எல்லோரும் நினைப்பார்கள். பாலேட்டை நினைத்தபோதுதான் அதன் இன்னொரு பெயர் நாவில் வந்தது. பாலாடை! ஆடை என்றால் உடுத்துவது மட்டுமில்லை. ஒன்றின்மேல் மெல்லிசாகப் படர்ந்து, பிய்த்தால் முழுதாக உரிந்து வருவதும் ஆடைதான். படலம் திரையில் உட்காரும் விதமும், ஓரத்தில் நகம் வைத்துத் தூக்கினால் உரிந்து வரும் விதமும் அப்படியே பாலாடை.

எழுதுகோல், எழுதுபொருள், எழுதுபலகை போல வினைத்தொகையாக்கினால் 'எழுதாடை' என்று வரும். இதை நான் வேண்டாம் என்கிறேன். சேர்த்து வாசிக்கும்போது 'எழுதா' என்ற எதிர்மறைதான் முதலில் காதில் விழுகிறது. எழுதாக்கிளவி என்பது எழுதப்படாத வேதத்தைக் குறிக்கும் சொல். எழுதுவதற்கென்றே விரிக்கும் ஒன்றுக்கு அந்தச் சாயல் வரவே கூடாது. பெயர்ச்சொல்லாகவே கூட்டினால் 'எழுத்தாடை'. எழுத்தாணி, எழுத்தாடை: ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சொற்கள் போல நிற்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றது நினைவுக்கு வருகிறது. எனக்கு இதில் மனம் நிறைந்துவிட்டது.

எழுத்து அச்சிட்ட சட்டையை எழுத்தாடை என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்று யாராவது கேட்கலாம். எழுத்தாணியை எழுத்துப் பொறித்த ஆணி என்று யாரும் நினைத்ததில்லை. புழங்கப் புழங்கச் சொல் தன் பொருளில் அமர்ந்துவிடும்.

பொதுப்பெயராக 'திரைக்காப்பு' இருந்துவிட்டுப் போகட்டும். அது ஸ்கிரீன் சேவருக்குப் புழங்கிய சொல் என்று இங்கே எழுந்த மறுப்பு நியாயமானது. ஆனால் பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே படம் நின்று தடம் பதிந்துவிடாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. இப்போது அதன் தேவை அருகிவிட்டது, சொல்லையும் யாரும் அதிகம் தேடுவதில்லை. திரைக்காப்பு என்ற குடைக்குள் பதக்கண்ணாடி ஒன்று, எழுத்தாடை ஒன்று. கடைக்குப் போகிறவர் 'எழுத்தாடை வேண்டும்' என்று கேட்டாலே, தான் எதற்காக வாங்குகிறோம் என்பதை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டதாகிவிடும்.

ஜப்பானின் எலெகாம் நிறுவனம் இந்தப் படலங்களைத் தாளின் வகையைச் சொல்லியே விற்கிறது. உயர்தர எழுதுதாள் போன்றது ஒன்று, படம் வரையப் பயன்படும் கென்ட் தாள் போன்றது ஒன்று. வாங்குகிறவர் கையில் எப்படி இருக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. நாமும் 'மென் எழுத்தாடை', 'முரட்டு எழுத்தாடை' என்று பிரிக்கலாம். நாள் முழுக்கக் குறிப்பெழுதுகிறவருக்கு மென்மையானதே நல்லது. முரடு படம் வரைகிறவருக்குப் பிடிக்கும், ஆனால் முனையைத் தின்றுவிடும். மாற்றுமுனை கைவசம் வேண்டும். வாசிப்பதும் படம் பார்ப்பதும்தான் அதிகம், எழுதுவது எப்போதாவது என்பவர்கள் எழுத்தாடையே ஒட்ட வேண்டாம். மின்மைத் திரைக் (இ-இங்க்) கைக்கணினி வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். எழுதுவதற்கென்று வரும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே சொரசொரப்பு உண்டு.

தடிமன் பற்றியும் கேட்டிருந்தார்கள். தடிமன் கூடினால் முனை தொடும் இடத்துக்கும் கோடு தெரியும் இடத்துக்கும் இடைவெளி கூடும். இயற்பியல் பாடத்தில் படித்த இடமாறு தோற்றப் பிழைதான் அது, புதுச்சொல் தேவையில்லை. வாகாம் நிறுவனத்தின் பேட்டரி இல்லாத மின்காந்த முறை எழுத்தாணியானாலும் பேட்டரி போட்ட எழுத்தாணியானாலும் மெல்லிய ஆடை தடையாக இருக்காது. தடித்த கண்ணாடிமேல் பேட்டரி எழுத்தாணி சில சமயம் தடுமாறலாம்.

இன்னும் இரண்டு இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

நாளாக நாளாக ஆடையின் நடுப்பகுதி, நாம் அதிகம் எழுதும் இடம், தேய்ந்து மறுபடி வழுக்கத் தொடங்கும். விளக்கின்கீழ் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியது போல மின்னும். என் ஆடையில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஒரு திட்டு இருக்கிறது. இதற்கு 'வழுக்கை' என்ற சொல்லையே வைக்கலாமா? 'ஆடை வழுக்கை விழுந்துவிட்டது, மாற்ற வேண்டும்' என்றால் கேட்கிறவருக்கு உடனே புரிகிறது. வழுக்குவதும் அதில் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது, படலமே ஒட்டாமல் கண்ணாடியையே நுண்ணியதாக அரித்து மங்கலாக்குவது. 2024-இல் வந்த ஐபேட் புரோவில் 1 டெராபைட், 2 டெராபைட் சேமிப்புள்ள மாடல்களுக்கு ஆப்பிள் இந்தத் திரையை விருப்பத் தேர்வாகத் தந்தது. கண் கூசுவதைக் குறைப்பதற்கு வந்தது என்றாலும் எழுத்தாணிக்கும் அதில் பிடிமானம் சற்றுக் கூடுகிறது. இதில் உரிப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே ஆடை என்று சொல்ல முடியாது. 'அரிகண்ணாடி' என்று ஒன்று தோன்றியது. ஆனால் 'அரி' என்றதும் வேறு பல பொருள்கள் முன்னால் வந்து நிற்கின்றன. கண்ணாடித் தொழிலில் பழக்கமுள்ளவர்கள் இந்த வேலையைப் பேச்சில் என்னவென்று சொல்கிறார்கள் என்று தெரிவித்தால், அங்கிருந்து தொடங்கலாம்.