உலக மொழிகள், பண்பாடுகள்: எந்த இணையத்தளங்களை நம்பலாம்?

அரூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். அரூருக்கு அருகில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளையொட்டி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு உலக மொழிகள், பண்பாடுகள் பற்றிய அட்டைகள் தயாரிக்க இருக்கிறோம். இணையத்தில் தேடினால் மொழிகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் 6,000 என்றும், மற்றோரிடத்தில் 7,000க்கு மேல் என்றும் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருவதைச் சொல்லவே வேண்டாம். என் வகுப்பில் லம்பாடி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுடைய மொழியை ஒரு தளம் தனி மொழி என்கிறது, இன்னொன்று இந்தியின் கீழ் வைக்கிறது. எதை நம்பி அட்டையில் எழுதுவது? கட்டணமில்லாத தளங்களாக இருந்தால் நல்லது.

ஓசூர் வாசகர்:

வணக்கம் அம்மா. லம்பாடியிலிருந்தே தொடங்கினால் மற்றவை தெளிவாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மக்கள் சொன்ன தாய்மொழிகளைத் தொகுத்து 121 மொழிகளுக்குள் அடக்கியது. அதில் லம்பாடி, போஜ்புரி, ராஜஸ்தானி ஆகியவை இந்தி என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. இருளர் மொழி தமிழின் கீழ் வருகிறது. இதை நிர்வாகத்துக்கான தொகுப்பு என்று கொள்ள வேண்டுமே தவிர, மொழியியலின் முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனால் நாட்டில் எத்தனை பேர் லம்பாடியைத் தாய்மொழியாகப் பதிந்தார்கள் என்பதற்கு (32 லட்சத்துக்கு மேல்) அந்த அட்டவணையை விட்டால் வேறு நல்ல சான்று இல்லை. ஒரே ஆவணத்தில் எண்ணிக்கையை ஏற்று வகைப்பாட்டை ஒதுக்குவதில் தவறொன்றும் இல்லை.

வகைப்பாட்டுக்கு, ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் கிளாட்டோலாக் தளத்தைப் பாருங்கள், அது இலவசம். அங்கே லம்பாடி இந்தோ ஆரியக் கிளையில் தனி மொழியாக நிற்பதையும், அதைப் பற்றி எழுதப்பட்ட இலக்கணங்களும் ஆய்வுகளும் அதே பக்கத்தில் பட்டியலிடப்பட்டிருப்பதையும் காணலாம். பேசுவோர் எண்ணிக்கை இருக்காது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

7,000க்கு மேல் என்று நீங்கள் பார்த்த எண் பெரும்பாலும் எத்னோலாக் என்ற உலக மொழிகளின் தொகுப்பிலிருந்து வந்திருக்கும். 1951 முதல் வெளிவரும் அத்தொகுப்பு, விவிலிய மொழிபெயர்ப்புப் பணியை ஒட்டி வளர்ந்த எஸ்.ஐ.எல். அமைப்பினுடையது. இன்று வழங்கும் மொழிகள் 7,100க்கு மேல் என்பது அதன் கணக்கு. விரிவான பக்கங்களுக்கு இப்போது கட்டணம் கேட்கிறார்கள். எது மொழி, எது வட்டார வழக்கு என்று கோடு போடும் இடம் மாறினால் மொத்தமும் மாறும் என்பதால், எண்ணை எழுதும்போது யார் கணக்கு, எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தருமபுரி மொழியியல் மாணவர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் புள்ளிவிவரத்தைவிட வரைபடமும் ஒலியும்தான் பிடித்து நிறுத்தும். வால்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக மொழி அமைப்பு வரைபடத் தளத்தில், வாக்கியத்தில் வினை எங்கே வருகிறது என்ற பக்கத்தைத் திறந்தால், தமிழும் ஜப்பானியமும் துருக்கியும் ஒரே நிறப் புள்ளியில் தெரியும்; ஆங்கிலம் வேறு நிறத்தில் இருக்கும். அதை அப்படியே அட்டையில் வரையலாம்.

ஒலிக்கு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்துக்குச் செல்லுங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் கால அதிகாரி கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளை அங்கே கேட்கலாம். ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய குரல்கள், கரகரப்போடுதான் வரும்.

தேன்கனிக்கோட்டைக்காரர்:

பண்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அங்குதான் ஏமாற்றம் அதிகம். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியல் படங்களோடும் காணொளிகளோடும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் இருப்பவை அந்தந்த நாட்டு அரசுகள் முன்மொழிந்தவை, அரசு விரும்பாத பண்பாடு அங்கே வருவது கடினம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி பிரிட்டிஷ் ஆட்சிக் கால அதிகாரி தர்ஸ்டன் எழுதி 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதற்காக, நம் மாவட்டத்து மக்களைப் பற்றி அதிலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஆள்வோர் ஆளப்படுவோரைப் பார்த்த பார்வை வரிக்கு வரி தெரியும்.

விக்கிப்பீடியாவிலும் கட்டுரையின் அடியிலுள்ள சான்றுகளைத் திறந்து பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் கட்டுரைகளை அம்மொழி அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் எழுதியிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. எந்தத் தளமானாலும் முதலில் தமிழைப் பற்றியோ நம் பக்கத்துத் தெலுங்கு, கன்னடத்தைப் பற்றியோ அது என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தெரிந்த மொழியிலேயே கோட்டை விடுகிற தளத்தை ஆப்பிரிக்க மொழிகளுக்கு நம்பிப் பயனில்லை.

அரூர் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. லம்பாடிக்குத் தனி அட்டை வைத்து, கணக்கெடுப்பின் எண்ணையும் கிளாட்டோலாக்கின் வகைப்பாட்டையும் பெயர் சொல்லி எழுதுகிறோம். அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் பாடும் பாட்டுகளைச் செல்பேசியில் பதிந்து யூடியூபில் ஏற்றலாமா?

தருமபுரி மொழியியல் மாணவர்:

பதிவு செய்யுங்கள், ஏற்றுவதற்கு அவசரப்படாதீர்கள் அம்மா. அருகிவரும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகங்களிலேயே சில பதிவுகளை எல்லோரும் திறக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள். பாடியவரிடம் பதிவைப் போட்டுக் காட்டி, யாரெல்லாம் கேட்கலாம் என்று கேளுங்கள். பள்ளியோடு போதும் என்று சொன்னால் பள்ளிக் கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் கோப்போடு எழுதி வையுங்கள்.