சிகாகோ தெற்குப் பகுதியில் 16 வயது மாணவனுக்கு மனநலச் சிகிச்சையாளர் தேவை

சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில், பள்ளி முடிந்த பிறகு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலன் நான். அங்கு படிக்கும் 16 வயதுக் கறுப்பின மாணவன் ஒருவனுக்காக, அவன் தாயாரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். சென்ற இலையுதிர்காலத்தில் நெருங்கிய நண்பனைத் துப்பாக்கிச்சூட்டில் இழந்ததிலிருந்து அவன் சரியாக உறங்குவதில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டாலே நடுங்குகிறான். வகுப்புக்கு வருவதும் குறைந்துவிட்டது.

988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணில் பேசியது ஓர் இரவைக் கடக்க உதவியது, ஆனால் அவனுக்குத் தேவை தொடர் சிகிச்சை. பள்ளி ஆலோசகர் பரிவானவர், எனினும் அத்தனை மாணவர்களுக்கும் அவர் ஒருவரே. அவனுக்கு இருப்பது மெடிக்கெய்டு, அதாவது குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. நாங்கள் விசாரித்த இடங்களில் பல அதை ஏற்பதில்லை, ஏற்பவை மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கின்றன. 2012இல் நகர நிர்வாகம் தன் 12 மனநல மையங்களில் பாதியை மூடியதன் பாதிப்பை இத்தகைய குடும்பங்களே இன்றும் சுமக்கின்றன என்பது என் கருத்து. காணொளி ஆலோசனையும் நீடிக்கவில்லை, ஏனெனில் மனம்விட்டுப் பேச வீட்டில் அவனுக்குத் தனியிடம் இல்லை. தன் தெருவைப் பற்றி முதலிலிருந்து விளக்க வேண்டியிராத ஒருவரிடமே பேச விரும்புவதாக அவன் சொல்கிறான்.

சிகாகோ தெற்கில் மெடிக்கெய்டை ஏற்று, வன்முறையால் நேர்ந்த மன அதிர்ச்சிக்கு நேரில் சிகிச்சையளிக்கும், இயன்றால் கறுப்பினத்தவரான சிகிச்சையாளர் யாரையேனும் அறிவீர்களா?