புதுப்பிப்பு: ஜீப் பின் ஆக்சில் ஊளைச் சத்தம் நின்றுவிட்டது

பழைய டீசல் ஜீப்பில் 50 கி.மீ. வேகம் தாண்டினால் பின் ஆக்சிலில் (பின் சக்கரங்களின் அச்சு) ஊளைச் சத்தம், இடது சக்கரத்தில் ஆயில் கசிவு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கிரவுன் பினியனில் (சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) கை வைக்காதீர்கள், முதலில் பினியன் பேரிங்கை (அதிலுள்ள சிறிய பல்சக்கரத்தைத் தாங்குவது) பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, பின்மூடியைக் கழற்றி, டிஃபரன்ஷியலை (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்சக்கரத் தொகுதி) இறக்கினோம். பினியன் பேரிங்கின் உருளைகள் ஓடும் வளையத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்; பற்களில் தேய்மானம் இல்லை. பேரிங்கை மாற்றியதும் ஊளை நின்றது. இதைச் செய்பவர்கள், டிஃபரன்ஷியலைப் பிடித்திருக்கும் பேரிங் கேப்களில் (மூடிகளில்) இடது, வலது குறித்துக்கொள்ளுங்கள், மாறக் கூடாது. ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) அப்படியே எடுத்து வையுங்கள்.

எதிர்பாராதது கசிவுதான். ஆயில் சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) இரண்டு முறை மாற்றியும் நிற்காததற்குக் காரணம், ஆக்சில் மேலுள்ள காற்றுத்துளையைச் சேறு அடைத்திருந்தது. சூட்டில் அழுத்தம் ஏறி, அந்த சீல் வழியே ஆயில் வெளியே வந்திருக்கிறது. ஒரு ஊக்கால் குத்தியதோடு சரி! 600 கி.மீ. ஓடியும் இடது சக்கரத்தின் பிரேக் டிரம் காய்ந்தே இருக்கிறது.