ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கும்போது பேட்டரிக்குப் பக்கத்தில் எதற்கு இன்னொன்று?

டிக்கிபேஸ்:
டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பொருத்துவது பற்றி ஒரு மேதை இங்கே பாடம் எடுத்திருக்கிறார். பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வைக்காவிட்டால் வண்டி எரியுமாம். என் ஆம்பின் முதுகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கின்றன. அதைச் செய்தவன் முட்டாளா? இந்த 18 எந்த வேதத்தில் வருகிறது?

கம்பிக்காரன்:
அந்த மேதை நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைக் காக்கிறது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் நாலைந்து மீட்டர் வயரை எது காக்கும்? எஞ்சின் அறைத் தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம்கூட இல்லாமல் வயரை நுழைக்கிறீர்கள். வண்டி அதிர அதிர, தகட்டின் விளிம்பு உறையை அறுக்கும். செம்பு பாடியைத் தொட்டால், பாடிதான் எர்த். பேட்டரி சில நூறு ஆம்பியரை அங்கேயே கொட்டிவிடும். டிக்கியில் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸ் வழியாக அதில் ஒரு துளியும் போகாது. பிறகு அது எப்படி உருகும்?

டிக்கிபேஸ்:
நான் கேட்டது 18. இத்தனை வரியில் 18 எங்கே?

கம்பிக்காரன்:
பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள துண்டுக்குக் காவல் கிடையாது. அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 18 என்பது கார் ஆடியோ தொழிலில் இருந்துவரும் வழக்கம்.

டிக்கிபேஸ்:
அதாவது 17இல் உத்தமன், 19இல் கொள்ளிக்கட்டை. புரிந்தது, ஐயா.

படகுத்துறை:
படகுகளுக்குப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சி வைத்திருக்கும் அளவு 7 அங்குலம். 18ஐக் கேட்டே அழுகிறார்கள்.

டிக்கிபேஸ்:
என் டிக்கியில் கடல் இல்லை. அதே விதியில், பேட்டரி முனையில் நேரடியாக மாட்டி, முழுக்க உறைக்குள் போகும் வயருக்கு 72 அங்குலம் வரை விலக்கு உண்டு. பாதியில் புத்தகத்தை மூடிவிட்டீர்களா?

படகுத்துறை:
72இலும் ஃபியூஸ் வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. உங்களுடையது எத்தனையாவது அங்குலத்தில் இருக்கிறது?

டிக்கிபேஸ்:
சரி, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் வயருக்குப் பல கார்களில் ஃபியூஸே இல்லையே. அங்கே 18 என்ன ஆயிற்று? எல்லாம் எரிந்துவிட்டனவா?

கம்பிக்காரன்:
அது விரல் தடிமன் வயர், குட்டை வழி, தொழிற்சாலையிலேயே உறை போட்டு இறுக்கியது. உங்களுடையது மிதியடிக்குக் கீழே ஓடுகிறது. ஃபியூஸின் அளவை வயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். ‘அடிக்கடி உருகுகிறது, 80 ஆம்பியர் போடுங்கள்’ என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அடுத்த கடையில் போட்டுக்கொண்டு போகிறார்கள், அது வேறு கதை.

ஈயக்கோல்:
அங்குலத்தை விடுங்கள். எரிவது பெரும்பாலும் இணைப்பில்தான். மலிவான ஃபியூஸ் பெட்டியில் திருகு தளர்ந்தால் பிளாஸ்டிக் இளகும், ஃபியூஸ் மட்டும் அப்படியே இருக்கும். நான் எல்லா இணைப்பிலும் ஈயம் உருக்கி வைக்கிறேன்.

கம்பிக்காரன்:
ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைக்க வைக்கும். ஊறிய இடம் முடியும் விளிம்பில்தான் அதிர்வில் இழைகள் ஒடியும். வயர் முனையில் மாட்டும் சரியான லக், அதை நசுக்கி இறுக்கும் சரியான கிரிம்ப் கருவி, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை. முடிந்தது.

ஈயக்கோல்:
கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டு அதற்குக் கிரிம்ப் என்று பெயர் சூட்டும் தொழில் மேதைகளை நிறையப் பார்த்துவிட்டேன். வயர் அசையாமல் ஒரு பிடிப்புக் கொடுத்தால் இழை ஏன் ஒடியப்போகிறது?

கம்பிக்காரன்:
போன வருடம் ஹாரனை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயில் 30, 87 என்று எண் போட்ட கால்களை மாற்றிப் போட்டுவிட்டு ரிலே கெட்டது என்றவர்தானே நீங்கள்?

ஈயக்கோல்:
நாலு கால் ரிலேயில் அவற்றை மாற்றிப் போட்டாலும் வேலை செய்யும். அன்றைக்கும் இதையே சொன்னேன், அன்றைக்கும் உங்களுக்கு விளங்கவில்லை.

புதுவண்டி:
அண்ணா, என் வயர் 16 சதுர மில்லிமீட்டர், நல்ல செம்பு. ஆம்பில் 30, 30. பேட்டரி பக்கம் 60 போதுமா?

டிக்கிபேஸ்:
தம்பி, தேவையே இல்லை. ஒவ்வொரு ஃபியூஸும் ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பும் ஒரு வோல்ட்டேஜ் இழப்பு. பேஸ் அடி வாங்கும்.

கம்பிக்காரன்:
60 போதும், தம்பி. இறுக்கமாக மாட்டிய ஃபியூஸில் இழப்பு 0.1 வோல்ட்கூட வராது. செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று விற்கிறார்கள். வாங்கியதைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் 60க்கு நான் பொறுப்பில்லை. டிக்கிபேஸ் அவர்களே, மீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் அடி வாங்கும் என்கிறீர்களா?

டிக்கிபேஸ்:
முதலில் நீங்கள் 18ஐ அளந்து காட்டுங்கள்.

படகுத்துறை:
7.