புதுப்பிப்பு: கொல்லையில் ஆடு, கோழி வளர்த்ததற்கு வந்த நோட்டீஸ்

இந்த நோட்டீஸுக்கு என்ன செய்வது என்று தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பேரூராட்சியில் வீடு. கொல்லையில் 4 வெள்ளாடு, 9 நாட்டுக்கோழி. நாற்றம் என்று புகார் போய், 15 நாளில் அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆடுகள் எங்களிடமே இருக்கின்றன.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு பாயும் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பொதுத்தொல்லைக்கானது, அதிலும் ஆஜராகி நம் தரப்பைச் சொல்லலாம். எனக்கு வந்தது அதுவல்ல, வெறும் சுகாதார நோட்டீஸ். எழுத்தில் பதில் கொடுத்து, நேரில் வந்து பார்க்கக் கேட்டேன்.

கைகொடுத்தது, இங்கே பதில் சொன்ன திருவாரூர் அண்ணனின் பரண் யோசனைதான். நாற்றத்துக்குக் காரணம் புழுக்கை இல்லை, தேங்கிய மூத்திரம். நம் களிமண்ணில் அது இறங்கவே இறங்காது. மூன்றடி உயரத்தில் இடைவெளி விட்டுப் பலகை அடித்து, கீழே உமி பரப்பினேன். வாரம் ஒருமுறை அள்ளிவிடுகிறேன். பத்தே நாளில் வாடை அடங்கியது. கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டையும் காட்டினேன். பார்க்க வந்தவர் திருப்தியாகப் போனார்.

எதிர்பாராதது ஒன்று. பக்கத்து வீட்டு அத்தையிடம் நேரில் பேசியபோதுதான் தெரிந்தது, அவர்களுக்கு ஆட்டைவிடச் சேவல்தான் தொந்தரவு. மாமாவுக்கு இரவில் தூக்கமே இல்லையாம். அதை முதலிலேயே போய்க் கேட்காதது என் தப்பு. சேவலைத் தங்கை வீட்டு வயல் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். உமியோடு சேர்ந்த எருவை அத்தையே இப்போது மல்லிகைக்கு வாங்கிக்கொள்கிறார்கள்.