வெளுத்துப்போன ஹேமர் கோரல்: வெளிச்சத்தை எப்போது கூட்டலாம்?

வணக்கம். 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றதில் தண்ணீர் இரண்டு நாள் 31 டிகிரியில் கிடந்தது. சுத்தியல் போன்ற நுனிகள் கொண்ட பவளமான ஹேமர் கோரல், இரண்டு தலை (பாலிப்) உள்ளது, வெளுத்துவிட்டது. சதை உரியவில்லை. கண்ணாடி போலாகி, உள்ளே எலும்புக்கூட்டின் தகடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நுனியில் மட்டும் பச்சை மிச்சம். அது பவளத்தின் சொந்த நிறமி, சதைக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் பாசி அல்ல. இறால் துணுக்கு பட்டால் இன்னும் பிடித்து விழுங்குகிறது. எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

இப்போது 25.5 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8.2 டிகேஹெச், கால்சியம் 430, மக்னீசியம் 1350 பிபிஎம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். சதைக்குள் பாசி திரும்பப் பெருக இவை வேண்டும் என்பதால் பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்தாயிற்று. வெளிச்சத்தை 200 பாரிலிருந்து (PAR, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) 70-க்குக் குறைத்தாயிற்று. விளக்கணைந்தபின் வாரம் மூன்று முறை நறுக்கிய மைசிஸ் (குட்டி இறால் போன்ற தீனி), ஒரு தலைக்கு இரண்டே துணுக்கு. பெரிதாகக் கொடுத்தால் கக்கிவிடுகிறது. பவளத்தை அயோடின் கரைசலில் முக்கியெடுப்பது வேண்டாமென்று விட்டாயிற்று, இந்த நிலையில் அது கூடுதல் அடி.

மணலில் குமிழி கோத்த பழுப்பு இழைகள் தலைகாட்டுகின்றன, டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற தொல்லை நுண்ணுயிர்) என்றே சந்தேகம். சோடியம் நைட்ரேட் கரைசலால் நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்கும், வேறு கரைசலால் பாஸ்பேட்டை 0.05 பிபிஎம்முக்கும் கொண்டுவரலாமா, அல்லது மீன் தீனியைக் கூட்டினாலே போதுமா? எந்த அறிகுறி தெரிந்தபின் வெளிச்சத்தைக் கூட்டுகிறீர்கள், வாரத்துக்கு எத்தனை பார்?