கார்டில் மங்கலாக ஒரு கோடு: நம்பலாமா?

கேள்வி (வேளச்சேரி)
எனக்கு பீரியட்ஸ் 29, 30 நாளில் தவறாமல் வந்துவிடும். இன்று 33வது நாள். நேற்றுக் காலை எழுந்ததும் கர்ப்பமா என்று பார்க்கும் கார்டு டெஸ்ட் போட்டேன். சி கோடு (கார்டு வேலை செய்கிறது என்று காட்டுவது) நன்றாகச் சிவந்தது. முடிவைக் காட்டும் டி பக்கம் 5 நிமிடத்துக்குள் வெளிர் ரோஸில் ஒரு கோடு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. மனசு கேட்காமல் சாயங்காலம் இன்னொரு கார்டு போட்டேன், ஒரு கோடுதான். அரை மணி கழித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இரண்டாவது கோடு! எதை எடுத்துக்கொள்வது? உடனே ஸ்கேன் போகலாமா?

பதில் 1 (லேப் டெக்னீஷியன், அண்ணா நகர்)
காலைக் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர். சாயங்காலக் கார்டில் பின்னால் வந்த கோட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கார்டுக்குள் இருக்கும் பட்டையில், டி இடத்தில், கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோனைப் பிடிக்கிற ஆன்டிபாடி கோடாகப் பூசப்பட்டிருக்கும். ரோஸ் நிறம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள். ஹார்மோன் இருந்தால்தான் அந்தத் துகள்கள் அங்கே தங்கும். அதனால் கவரில் போட்டிருக்கும் நேரத்துக்குள், சி கோட்டின் அகலத்திலேயே, நிறத்தோடு வந்த கோடு எவ்வளவு வெளிறியிருந்தாலும் பெரும்பாலும் பாசிட்டிவ்தான். நிறமே இல்லாத சாம்பல் கோடு, சிறுநீர் காய்ந்தபின் பட்டையில் தெரியும் தடம். 10 நிமிடத்துக்குமேல் எந்தக் கார்டையும் படிக்கக் கூடாது. குப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

பதில் 2 (ஸ்டாஃப் நர்ஸ், பெரம்பூர்)
சாயங்காலம் ஏன் வரவில்லை என்றால், கடையில் கிடைக்கும் கார்டுகளில் பல, ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லியூனிட் எச்சிஜி அளவில்தான் கோடு காட்டும். நீங்கள் இப்போது அந்த விளிம்பில் இருக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்குப் பகலெல்லாம் தண்ணீர் குடித்திருப்பீர்கள். சிறுநீர் நீர்த்துப்போனால் ஹார்மோன் அதற்குக் கீழே இறங்கிவிடும்.

தொடக்கத்தில் எச்சிஜி ஏறக்குறைய 2, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எனவே தினமும் கார்டு வாங்கிக் காசைக் கரைக்காமல் 48 மணி நேரம் பொறுத்து, காலையின் முதல் சிறுநீரில், அதே பிராண்டில் போடுங்கள். கார்டைச் சமமான இடத்தில் வைத்து, குமிழி இல்லாமல் 3 சொட்டு (உங்கள் கிட்டில் வேறு எண்ணிக்கை இருந்தால் அதன்படி). நிறைய ஊற்றினால் பட்டை முழுக்கச் சிவந்து கோடு புரியாது. கவரை டெஸ்டுக்குச் சற்றுமுன்தான் கிழிக்கணும், ஈரக்காற்று பட்டால் பட்டை கெடும். பெரும்பாலான கிட்டுகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். மே மாதத்தில் ஸ்கூட்டி டிக்கியில் கிடந்த கிட்டை நம்பாதீர்கள்.

பதில் 3 (அடையாறு)
ஒரு விஷயம் கேட்கணும்: குழந்தைக்கான சிகிச்சையில் முட்டை வெடிக்க எச்சிஜி ஊசி போட்டீர்களா? போட்டிருந்தால் 10 முதல் 14 நாள் வரை அந்த ஊசியே பொய்யாகக் கோடு காட்டும்.

கேள்வி கேட்டவர்
இல்லை, எந்த ஊசியும் போடவில்லை.

பதில் 2 தொடர்கிறார்
நல்லது. காத்திருக்க முடியாவிட்டால் லேபில் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை எடுங்கள். 5க்குக் கீழ் என்றால் கர்ப்பம் இல்லை, 25க்கு மேல் என்றால் கர்ப்பம், நடுவில் வந்தால் மறுபடி பார்க்கணும். எதுவானாலும் 48 மணி கழித்து அதே லேபில் இன்னொருமுறை எடுத்தால்தான் ஏறுகிறதா என்று தெரியும். ஸ்கேன் இப்போது வேண்டாம்மா. 33வது நாளில் ஒன்றும் தெரியாமல் வீணாகப் பயப்படுவீர்கள். கடைசி பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து 6, 7 வாரத்தில் டாக்டர் சொல்லும்போது போதும்.

கோடு மறைந்து ரத்தப்போக்கு வந்தால், ஒட்டிய கரு ஆரம்பத்திலேயே நின்றிருக்கலாம். நீங்கள் மாடி ஏறியதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ அது நடக்காது. யார் சொன்னாலும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பீரியட்ஸ் வரவைக்க என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. ஃபோலிக் ஆசிட்டை இப்போதே டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், அதிக ரத்தப்போக்கு இவற்றில் எது வந்தாலும் கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். கோடு மங்கலா அழுத்தமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரிக்கோ திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரிக்கோ நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள்.